மச்சத்தை எடுக்க அம்மாவின் கம்மலை அடகு வைக்கலாமா?

கேள்வி: ஐயா, எனக்கு வயது 29. கோவையில் பம்ப் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் ஸ்டோர்ஸில் வேலை பார்க்கிறேன். சம்பளம் 16,000 ரூபாய். ஐந்து வருடமாக இதே கம்பெனிதான். மூக்கின் பக்கவாட்டில், சரியாகக் கண்ணாடி உட்காரும் இடத்தில், சின்ன வயதிலிருந்தே ஒரு மச்சம் இருக்கிறது. இரண்டு வருடமாக அது உப்பிக்கொண்டே வருகிறது. கண்ணாடி உரசி, மாதத்தில் ஒன்றிரண்டு தடவை ரத்தம் கசிகிறது. தனியார் கிளினிக் ஒன்றில் லேசரில் எடுக்க 22,000 ரூபாய் கேட்டார்கள். அவ்வளவு இல்லை என்றதும், மாதம் 2,050 வீதம் 12 மாதத் தவணையில் கட்டலாம் என்றார்கள். அம்மா தன் கம்மலை அடகு வைத்துத் தருகிறேன் என்கிறார். அரசு ஆஸ்பத்திரியில் இதையெல்லாம் செய்வார்களா, அழகுக்கு வந்திருக்கிறாய் என்று திருப்பி அனுப்பிவிடுவார்களா? ஒரு மெடிக்கல் இன்சூரன்ஸ் எடுத்து அதில் செய்துகொள்ளலாமா? அக்டோபரிலிருந்து சம்பளம் 22,500 ஆகும் என்று மேனேஜர் சொல்லியிருக்கிறார். அதுவரை பொறுத்திருக்கட்டுமா?
– வாசகி, கோவை

பதில்: பொறுத்திருக்க வேண்டாம். கம்மலும் அம்மாவின் காதிலேயே இருக்கட்டும்.

உங்கள் சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள். பிடித்தம் என்ற பக்கத்தில், தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடான ஈ.எஸ்.ஐ.க்கு என்று 120 ரூபாய் இருக்க வேண்டும். உங்கள் சம்பளத்தில் அது 0.75 சதவீதம். அதோடு கம்பெனி தன் பங்காக 3.25 சதவீதம், அதாவது 520 ரூபாய் சேர்த்துக் கட்டுகிறது. மாதம் 640, வருடத்துக்கு 7,680 ரூபாய் உங்கள் பெயரில் போய்க்கொண்டிருக்கிறது. கிளினிக்காரர்கள் தவணையில் கேட்கும் சிகிச்சைக்கு நீங்கள் ஐந்து வருடமாகத் தவணை கட்டிக்கொண்டுதான் இருக்கிறீர்கள். என்னிடம் வரும் கடிதங்களில் மனசு கஷ்டப்படுவது இந்த இடத்தில்தான். மாதம் 21,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்கும் எத்தனையோ பேர் அந்த 120 ரூபாயை வரி மாதிரி நினைத்து மறந்துவிட்டு, ஆஸ்பத்திரிச் செலவுக்கு வட்டிக்கு வாங்குகிறார்கள்.

அந்தத் தவணைக் கணக்கையும் ஒருமுறை போட்டுவிடுவோம். 2,050 வீதம் 12 மாதம் என்றால் 24,600. கூடுதலாகப் போவது 2,600 தானே என்று தோன்றும். ஆனால் நீங்கள் மாதாமாதம் அசலையும் சேர்த்துத் திருப்பிக் கொடுத்து வருவதால், உண்மையான வட்டி ஆண்டுக்குச் சுமார் 21 சதவீதம் வருகிறது. பிராசஸிங் கட்டணம் என்று தனியாக வாங்கினால் அதற்கும் மேல். இன்னொன்றையும் அவர்கள் சொல்லியிருக்க மாட்டார்கள். நோய்க்குச் செய்யும் சிகிச்சைக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, அழகுக்காகச் செய்வதற்கு 18 சதவீதம் உண்டு. பில்லில் அழகு சிகிச்சை என்று எழுதினால் 22,000 என்பது 25,960 ஆகிவிடும்.

பணத்தைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. லேசர் அந்த மச்சத்தை எரித்துவிடும். எரித்துவிட்டால் லேபில் பரிசோதிக்க ஒன்றும் மிஞ்சாது. வருடக்கணக்கில் சும்மா இருந்த மச்சம் பெரிதாவது, ரத்தம் கசிவது, நிறமோ ஓரமோ மாறுவது, இதெல்லாம் மருத்துவரிடம் காட்ட வேண்டிய மாற்றங்கள். கண்ணாடி உரசுவதால்கூட அப்படி ஆகலாம், பயப்பட வேண்டாம். ஆனால் அதை உறுதி செய்வது வெட்டி எடுத்த துண்டைப் பார்க்கும் பயாப்ஸி பரிசோதனைதான். அதனால்தான் கத்தியால் எடுத்து லேபுக்கு அனுப்பும் இடத்துக்கு உங்களை அனுப்பப் பார்க்கிறேன். சுண்ணாம்பு வைப்பது, முடியால் இறுக்கிக் கட்டுவது, பார்லரில் சுட்டுவிடுவது என்று யார் எதைச் சொன்னாலும் அந்தப் பக்கம் போகாதீர்கள். முகத்தில் தழும்பு விழுந்தால் அதைச் சரிசெய்ய இதைப்போலப் பல மடங்கு செலவாகும்.

சரி, எங்கே போவது? ஈ.எஸ்.ஐ.யில் உங்களுக்கு 10 இலக்க எண் ஒன்று இருக்கும். எச்.ஆரில் கேட்டால் அட்டையை அச்செடுத்துக் கொடுப்பார்கள். எந்த ஈ.எஸ்.ஐ. மருந்தகம், அதாவது மருத்துவர் பார்க்கும் டிஸ்பென்சரி, உங்களுக்கு ஒதுக்கப்பட்டது என்று அதிலேயே இருக்கும். அங்கே போவதற்கு முன், மத்திய அரசின் உமங் என்ற மொபைல் செயலியில் அந்த எண்ணைப் போட்டு, கம்பெனி மாதாமாதம் பணம் கட்டியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சம்பளத்தில் பிடித்துவிட்டுக் கட்டாமல் வைத்திருக்கும் முதலாளிகளும் உண்டு. அது ஆஸ்பத்திரி ஜன்னலில் நிற்கும்போது தெரியவரக் கூடாது. முதலில் மருந்தக மருத்துவரைப் பார்க்க வேண்டும். அவர் எழுதித் தரும் சீட்டோடு சிங்காநல்லூர் ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்குப் போகலாம். அது மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்த ஆஸ்பத்திரி என்பதால் தோல் பிரிவும் அறுவைப் பிரிவும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன.

திருப்பி அனுப்பிவிடுவார்களா என்று கேட்டிருந்தீர்கள். மச்சம் அசிங்கமாக இருக்கிறது, எடுத்துவிடுங்கள் என்று மட்டும் சொன்னால், நாற்பது பேர் வரிசையில் நிற்கும் ஓ.பி.யில் அந்த மருத்துவர் அவசரம் இல்லை என்று நினைக்க வாய்ப்பு இருக்கிறது. நடப்பதை அப்படியே சொல்லுங்கள்: இரண்டு வருடமாக வளர்கிறது, கண்ணாடி உரசுகிறது, ரத்தம் வருகிறது. கடைசியாக எந்தெந்தத் தேதியில் ரத்தம் வந்தது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். பழைய கல்யாண போட்டோ ஏதாவது இருந்தால் அதில் மச்சம் எவ்வளவு சின்னதாக இருந்தது என்று காட்டலாம். மிகைப்படுத்த வேண்டாம், ஒன்றையும் விடவும் வேண்டாம். நீங்கள் சொல்வதைத்தான் மருத்துவர் ஓ.பி. சீட்டில் எழுதுவார். அந்தச் சீட்டு பின்னால் எதற்கெல்லாம் தேவைப்படும் என்று கீழே சொல்கிறேன்.

என் தம்பிக்குத் தாடை ஓரத்தில் இதேபோல் ஒன்று இருந்தது. ஷேவ் செய்யும்போதெல்லாம் பிளேடு பட்டு வெட்டிவிடும். ஓர் அரசு ஆஸ்பத்திரியில்தான் எடுத்தோம். மரத்துப்போக ஊசி போட்டபோது மட்டும் என் கையை இறுக்கிப் பிடித்தான். கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது. நர்ஸ் வெளியே வந்து, மருந்துத் தண்ணீரில் மிளகு அளவு மிதந்த துண்டோடு ஒரு சின்ன பாட்டிலை என் கையில் கொடுத்து, லேபில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வாருங்கள் என்றார். நான் லேபிளைப் பார்க்கவே இல்லை. ஓ.பி. எண்ணில் ஓர் இலக்கம் மாறியிருந்தது. ரிப்போர்ட் வேறு கட்டுக்குள் போய், மூன்று வாரம் அலைந்த பிறகுதான் கிடைத்தது. தீங்கில்லாத மச்சம் என்று எழுதியிருந்தது. ஆனால் அந்த மூன்று வாரமும் வீட்டில் யாரும் நிம்மதியாகச் சாப்பிடவில்லை. உங்கள் கையில் பாட்டிலைக் கொடுத்தால், பெயர், வயது, எண், எந்த இடத்துத் துண்டு என்று நான்கையும் அங்கேயே நின்று படித்துப் பார்த்துவிட்டுப் போங்கள். லேபுக்கு அனுப்புகிறார்களா என்று முன்கூட்டியே கேட்கவும் தயங்காதீர்கள்.

ஆஸ்பத்திரியில் செலவு இல்லாவிட்டாலும் லீவுச் செலவு இருக்கிறது. மருந்தகம் ஒரு நாள், தோல் பிரிவில் ஒரு நாள், எடுக்கும் நாள், தையல் பிரிக்க ஒரு நாள் என்று நான்கு நாள் வைத்துக்கொள்ளுங்கள். முகத்துத் தையலைப் பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் பிரித்துவிடுவார்கள். ஈ.எஸ்.ஐ.யில் நோய்க்கால உதவித்தொகை என்று சம்பளத்தில் 70 சதவீதம் தருவது உண்மைதான், ஆனால் முதல் இரண்டு நாளுக்கு அது கிடையாது. இப்படி ஒவ்வொரு நாளாக எடுக்கும் லீவுக்கு அதை நம்ப முடியாது. சம்பளம் இல்லாத லீவு என்றால், 26 நாள் கணக்கில் ஒரு நாளைக்கு 615 ரூபாய், நான்கு நாளைக்கு 2,460 போய்விடும். கேஷுவல் லீவை இதற்கென்று ஒதுக்கிவையுங்கள். இந்தச் சிகிச்சையில் உங்கள் கையிலிருந்து போகக்கூடிய ஒரே பெரிய தொகை இதுதான்.

இன்சூரன்ஸ் விஷயத்துக்கு வருவோம். இந்த மச்சத்துக்காக இப்போது பாலிசி எடுப்பதில் பயன் இல்லை. ஏற்கனவே இருக்கும் பிரச்சினைக்குக் காத்திருப்புக் காலம் 36 மாதம் வரை போடலாம். கட்டி, தோல் வளர்ச்சி போன்றவற்றுக்குப் பல பாலிசிகளில் தனியாக 24 மாதம் இருக்கும். அழகு சிகிச்சையை எல்லாக் கம்பெனிகளும் விலக்கி வைத்திருக்கின்றன. முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டைக்கும் இதற்காக அலைய வேண்டாம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்களுக்கானது அது. உங்கள் சம்பளமே அதைத் தாண்டுகிறது. பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் சேர்ந்து செய்யும் பெரிய சிகிச்சைகளுக்குத்தான் அது பயன்படும். ஈ.எஸ்.ஐ. இல்லாத உங்கள் தோழிகள் யாராவது இதைப் படித்தால், அவர்கள் நேராக ஜி.எச். தோல் பிரிவு ஓ.பி.க்குப் போகலாம். அங்கே எந்த அட்டையும் தேவையில்லை, ஆதாரோடு போனால் போதும்.

பாலிசியே வேண்டாம் என்று சொல்லவில்லை. அக்டோபரில் சம்பளம் 22,500 ஆகிறது என்றீர்களே, அதை நல்ல செய்தியாக மட்டும் பார்க்காதீர்கள். சம்பளத்தில் பிடித்துக் கட்டும் அந்தப் பணத்துக்குச் சந்தா என்று பெயர். ஈ.எஸ்.ஐ.க்கு ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு சந்தா காலம், அக்டோபர் முதல் மார்ச் வரை அடுத்தது. அக்டோபர் 1 ஆம் தேதி உங்கள் சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டியிருந்தால், அன்றிலிருந்து பிடித்தம் நின்றுவிடும். சிகிச்சை உரிமை அன்றே போய்விடாது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை 78 நாளாவது சந்தா கட்டியிருந்தால், அடுத்த வருடம் ஜூன் 30 வரை சிகிச்சை பெறலாம். சம்பள உயர்வு ஒரு மாதம் தள்ளி நவம்பரில் வந்தால் இன்னும் நல்லது: மார்ச் வரை பிடித்தம் தொடரும், சிகிச்சை உரிமை அதற்கடுத்த டிசம்பர் வரை நீளும். மேனேஜரிடம் தேதியைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

எந்த மாதம் ஆனாலும், சம்பளம் உயர்ந்தவுடனே உங்களுக்கும் அம்மாவுக்கும் சொந்தமாக மருத்துவக் காப்பீடு எடுத்துவிடுங்கள். ஜூன் வரைக்கும்தான் ஈ.எஸ்.ஐ. இருக்கிறதே, அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட வேண்டாம். புதுப் பாலிசியில் முதல் 30 நாள் விபத்தைத் தவிர வேறு எதற்கும் பணம் வராது. மற்ற காத்திருப்புக் காலங்களும் எடுத்த தேதியிலிருந்துதான் எண்ணப்படும். ஈ.எஸ்.ஐ. கையில் இருக்கும்போதே அந்த மாதங்கள் ஓடிவிட்டால் உங்களுக்கு லாபம். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியத்துக்கு ஜி.எஸ்.டி.யும் இல்லை. கிளினிக்குக்குக் கட்டச் சொன்னார்களே மாதம் 2,050, அதை இப்போதிருந்தே ஒரு ஆர்.டி.யில் போட்டு வாருங்கள். முதல் வருடப் பிரீமியத்துக்கு நல்ல பங்கு அதிலேயே சேர்ந்துவிடும்.

பாலிசி விண்ணப்பத்தில், இதுவரை ஏதாவது அறுவை செய்ததுண்டா என்று கேட்பார்கள். மச்சம் எடுத்ததை மறைக்காமல் எழுதி, பயாப்ஸி ரிப்போர்ட்டின் நகலை இணைத்துவிடுங்கள். தீங்கில்லாதது என்று லேப் எழுதியிருந்தால் கம்பெனிக்குக் கேள்வி எழ இடமில்லை. மறைத்துவிட்டு, பின்னால் ஒரு பெரிய கிளெய்ம் வரும்போது பழைய ஓ.பி. சீட்டு வெளிப்பட்டால், பிரச்சினை அந்த மச்சத்தோடு நிற்காது. ஓ.பி. சீட்டு, பயாப்ஸி ரிப்போர்ட் இரண்டையும் போட்டோ எடுத்து உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள்.

ரிப்போர்ட்டில் புற்றுநோய் என்று வந்தால் என்ன செய்வது என்ற பயம் உங்களுக்குள் இருக்கும். கடிதத்தில் நீங்கள் எழுதாவிட்டாலும் எனக்குப் புரிகிறது. அப்படி வந்தாலும் ஈ.எஸ்.ஐ. உங்களைக் கைவிடாது. தொடர்ந்து இரண்டு வருடத்துக்கு மேல் வேலையில் இருந்து 156 நாளாவது சந்தா கட்டியவர்களுக்கு, புற்றுநோய் போன்ற நீண்டகால நோய்களில் சம்பளத்தில் 80 சதவீதம் வரை, அதிகபட்சம் இரண்டு வருடத்துக்கு உதவித்தொகை உண்டு. ஐந்து வருடம் கட்டிய உங்களுக்கு அந்த உரிமை இருக்கிறது. அக்டோபர் வரை பொறுக்க வேண்டாம் என்று முதல் வரியிலேயே சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

திங்கட்கிழமை ஓ.பி.யில் கூட்டம் அதிகமாக இருக்கும். செவ்வாய் அல்லது புதன் காலை எட்டு மணிக்குள் மருந்தகத்துக்குப் போய்விடுங்கள். அம்மாவையும் கூட அழைத்துப் போங்கள். வருமானம் இல்லாமல் உங்களை நம்பியிருக்கும் தாய் என்றால் அவருக்கும் அதே ஈ.எஸ்.ஐ. எண்ணில் சிகிச்சை உண்டு. அவர் பெயரைக் குடும்ப விவரத்தில் சேர்த்திருக்கிறார்களா என்று எச்.ஆரில் அன்றே கேட்டுவிடுங்கள்.