போர்டுக்காரர் பதில்கள்: ‘மின்னல்’ எந்த எழுத்தில்?

கேள்வி: தாராவியில் ஜிம் திறக்கப்போகிறேன். பெயர் ‘மின்னல்’. ராக்கெட் படங்களில் வருகிற மாதிரி கட்டம் கட்டமாக, தடித்து இருக்கும் ஆர்பிட்ரான் ஃபாண்டில் ஆங்கிலப் பெயர் ஜோராக வந்துவிட்டது. அதே ஃபாண்டைத் தமிழுக்குப் போட்டால் எழுத்து ஒல்லியாகிவிடுகிறது. தமிழையும் மராத்தியையும் கீழே சின்னதாகப் போட்டுவிடலாம் என்கிறார் டிசைனர். என்ன செய்யட்டும், ஐயா?
– ஒரு வாசகர், தாராவி

பதில்: மராத்தியைச் சின்னதாகப் போட முடியாது தம்பி. 2022-ல் சட்டத்தைத் திருத்தியபிறகு மகாராஷ்டிராவில் கடைப் பெயர் மராத்தியில், அதன் தேவநாகரி எழுத்தில், முதலில் வர வேண்டும். மற்ற மொழி எழுத்து அதைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது. உங்கள் டிசைனர் மும்பைக்குப் புதுசோ?

ஆர்பிட்ரானில் தமிழ் எழுத்தே கிடையாது. அதனால் கம்ப்யூட்டர் தன்னிடம் இருக்கிற வேறு ஏதோ ஒரு தமிழ் ஃபாண்டை எடுத்துப் போட்டுவிடுகிறது. ஒல்லிக்குக் காரணம் அதுதான்.

சரி, தமிழையும் கட்டமாக வரைந்துவிட்டால்? எங்கள் பட்டறைக்கு அந்த ஆசையோடு வருகிறவர்கள் நிறைய. ஆங்கிலத்தில் எம், என், எல் எல்லாமே நேர்க்கோடு. எவ்வளவு தடித்தாலும் தாங்கும். தமிழில் ‘ன’வின் சுழியைப் பாருங்கள். அதைச் சதுரமாக்கித் தடிமனும் ஏற்றினால் உள்ளே இருக்கிற ஓட்டை அடைந்துபோகும். அக்ரிலிக் எழுத்துக்குள் எல்இடி போட்டு ராத்திரி எரியவிட்டால், மிச்சமிருக்கிற ஓட்டையையும் வெளிச்சம் மூடிவிடும். புள்ளி இன்னும் மோசம். எழுத்தை நெருக்கி வைத்தால் ‘ன்’ மேலே இருக்கிற புள்ளி ‘மி’யின் கொக்கியோடு ஒட்டிக்கொள்ளும்.

அதனால் ஜாடையை விட்டுவிட்டுத் தடிமனைப் பொருத்துங்கள். ஃபாண்ட் வரைகிற மும்பைக்காரர்களான ஏக் டைப் உருவாக்கிய முக்தா ஃபாண்டை மராத்திக்கும், அதன் தமிழ்க் கூட்டாளி முக்தா மலரைத் தமிழுக்கும் எடுங்கள். இரண்டிலும் எக்ஸ்ட்ரா போல்டு என்கிற மிகத் தடித்த எழுத்து உண்டு, இலவசம். ‘ம’வின் இடது கால் ஆங்கில எம்மின் கால் அளவுக்குத் தடிக்கும்வரை தமிழை ஏற்றுங்கள், மராத்தி அதற்கும் குறையக் கூடாது. மூன்றும் பெரிதாகிப் பலகை கொள்ளவில்லையென்றால் ஆங்கிலத்தைக் குறையுங்கள். ராக்கெட் ஆசை விடவில்லையா? அந்த ‘ம’வின் இடது கீழ் மூலையை மட்டும் ஆர்பிட்ரான் மாதிரி மழுக்கச் சொல்லுங்கள். ‘ன’, ‘ல’ பக்கம் போக வேண்டாம்.

கேள்வி: ஃப்யூச்சுரா என்ற எழுத்து நிலாவுக்கே போயிருக்கிறதாமே?
– ஒரு வாசகி, செம்பூர்

பதில்: ஆமாம்மா. 1969-ல் அப்பல்லோ 11 அங்கே விட்டுவந்த பலகையில் இருப்பது அதுதான். பால் ரென்னர் வரைந்து 1927-ல் ஜெர்மனியில் வெளிவந்தது. ஆனால் இன்றைக்கு நாம் ‘ராக்கெட் எழுத்து’ என்கிற அந்த அகன்ற சதுர ஜாடைக்கு, என்னைக் கேட்டால், 1952-ல் இத்தாலியில் வந்த மைக்ரோகிராமாதான் பெரியம்மா. அதில் கேப்பிடல் மட்டும்தான். பத்துப் பெட்டியை வரிசையாக அடுக்கின மாதிரி இருக்கும். இரண்டு வார்த்தைக்கு அழகு. அட்ரஸ், போன் நம்பரையெல்லாம் அதில் போட்டால் பஸ்ஸில் போகிறவர் படித்து முடிப்பதற்குள் சயான் ஸ்டாப் வந்துவிடும்.