கைக்குழந்தைக்குக் காய்ச்சல்: விடியும் வரை பொறுக்கலாமா?

இரண்டு மாதக் குழந்தைக்கு ராவில் உடம்பு சுடுகிறது, மாமியார் விடிந்ததும் போகலாம் என்கிறார், பொறுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பொறுக்க வேண்டாம். மூன்று மாதம் ஆகாத பிள்ளைக்கு 100.4 பாகை (38 செல்சியஸ்) காட்டினாலே, வேறு ஒரு குறையும் தெரியாவிட்டாலும், அந்த நேரமே ஆஸ்பத்திரிதான். அந்த வயதில் கிருமி இரத்தத்தில் ஏறினாலும் வெளியில் பெரிதாகக் காட்டாது. சில பிள்ளைகளுக்குக் காய்ச்சலே இல்லாமல் உடம்பு சில்லிட்டுப் போகும், அதுவும் அதே அவசரம்தான்.

எங்கள் வீடு இலங்கையில், மட்டக்களப்புப் படுவான்கரையில், கொக்கட்டிச்சோலைப் பக்கம். மகனுக்கு அப்போது ஏழு கிழமை. பின்னேரம் 100.8 இருந்தது, பனடோல் பாணி கொஞ்சம் கொடுத்தேன், இறங்கிவிட்டது, சரி என்று படுத்துவிட்டேன். நான் விட்ட பிழை அது. பனடோலுக்குக் காய்ச்சல் இறங்கும், உள்ளே இருக்கிற கிருமி அப்படியேதான் இருக்கும். இந்த வயதில் டாக்டரைக் கேட்காமல் அதைக் கொடுக்கவே கூடாது. மறுகா ராவைக்கு எழுப்பிப் பால் கொடுத்தால் இரண்டு தரம் உறிஞ்சுகிறான், விட்டுவிடுகிறான், பால் கன்னத்தால் வழிந்து என் கையில் சொட்டுகிறது. உள்ளங்காலைச் சுரண்டினேன். வழக்கமாக வீட்டையே எழுப்புகிறவன் காலைக் கொஞ்சம் இழுத்து முனகினான், அவ்வளவுதான். "அலுப்பில நல்லா நித்திரை கொள்றான், விடு புள்ள" என்றார் மாமி. ஐந்து பிள்ளை வளர்த்தவர் சொல்கிறாரே என்று நானும் அரை மனதாக ஒரு மணித்தியாலம் இருந்துவிட்டுத்தான் ஓட்டோ பிடித்து மண்முனைப் பாலத்தால் ஓடினோம். சலத்தில் (சிறுநீரில்) கிருமி, இரத்தத்திலும் ஏறியிருந்தது. பத்து நாள் ஊசி மருந்து.

அதிலிருந்து, கத்திக் குழறுகிற பிள்ளைக்கு நான் அவ்வளவு பயப்படுவதில்லை. பால் குடிக்காமல், எழுப்பினாலும் சரியாக எழும்பாமல், துவண்டுபோய்ச் சத்தமில்லாமல் கிடந்தால்தான் பயம்.

அடுத்தது மூச்சு. சட்டையைக் கழற்றிவிட்டு, பிள்ளை அழாமல் இருக்கும்போது, போனில் நேரம் வைத்து வயிறு எழும்புவதை எண்ணுங்கள். முழு நிமிடமும் எண்ண வேண்டும், ஏனென்றால் சின்னப் பிள்ளைகள் கொஞ்சம் வேகமாக விட்டு, கொஞ்சம் நிறுத்தி மூச்சு விடுவார்கள், அரை நிமிடத்தை இரட்டித்தால் பிழைத்துவிடும். இரண்டு மாதத்துக்குள் 60, அதற்கு மேல் ஒரு வயது வரை 50, அதைத் தொட்டால் போக வேண்டும். விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்து இழுத்தாலோ, ஒவ்வொரு மூச்சுக்கும் முனகினாலோ, உதடும் நாக்கும் நீலம் பாரித்தாலோ எண்ணிக்கொண்டே நிற்காதீர்கள்.

வலிப்பு, பச்சை நிற வாந்தி, உச்சிக்குழி வீங்குவது அல்லது உள்ளே போவது, ஆறெட்டு மணித்தியாலமாகப் பம்பர்ஸ் நனையாதது, கண்ணாடிக் கிளாசால் அமத்தினாலும் மறையாத சிவப்புப் புள்ளிகள், இவையும் அப்படித்தான். கொஞ்சம் வளர்ந்த பிள்ளை என்றால், மாரி மழையோடு எங்கள் பக்கம் டெங்கும் வரும், அதில் காய்ச்சல் விடுகிற நேரம்தான் மோசம். காய்ச்சல் விட்டபிறகு வயிற்று நோவு, விடாத வாந்தி, கை கால் குளிர்ந்து சோர்ந்து போவது கண்டால் உடனே ஓடுங்கள்.

நாவூறு கழிக்கிறது, தண்ணி ஓதுகிறது எல்லாம் வந்தபிறகு மாமியின் விருப்பம் போல நடக்கட்டும், ஆனால் இந்த வயதுப் பிள்ளையின் வாயில் அந்தத் தண்ணியை விட வேண்டாம். வாகனம் இல்லையென்றால், இலங்கையில் 1990க்கு அடியுங்கள், அம்புலன்சுக்குக் காசு இல்லை. கிளினிக் கொப்பியையும் கொடுத்த மருந்துப் போத்தலையும் கையோடு எடுங்கள். கடைசியாக எத்தனை மணிக்குப் பால் குடித்தது, எப்போது சலம் போனது என்பதை வழியிலேயே யோசித்து வையுங்கள். வார்ட்டில் என்னிடம் முதலில் கேட்டது அதைத்தான், எனக்குச் சொல்லத் தெரியவில்லை.