பேச்சு அப்ராக்ஸியா உள்ள பிள்ளைக்கு வீட்டில் துணை நிற்பது எப்படி? கேள்வி பதில்

சொல்ல வேண்டிய சொல் மனத்தில் இருந்தும், அதற்கு உதட்டையும் நாக்கையும் தாடையையும் எந்த வரிசையில் அசைப்பது என்று மூளை திட்டமிடுவதில் ஏற்படும் தடையே குழந்தைப் பருவப் பேச்சு அப்ராக்ஸியா. ஆயிரம் குழந்தைகளில் ஓரிருவருக்கு இது இருக்கலாம் என்று மதிப்பிடப்படுகிறது. பெற்றோரும் உறவினரும் அனுப்பிய கேள்விகளுக்குப் பேச்சு மொழிச் சிகிச்சையாளர் ஒருவர் இங்கே பதிலளிக்கிறார்.

ஈரோட்டிலிருந்து ஒரு தாய்: நான்கு வயது மகன் நேற்று "பால்" என்று தெளிவாகச் சொன்னான். இன்று எத்தனை முறை கேட்டும் "மா" என்றும் "ஆ" என்றும் சொல்கிறான். அடம் பிடிக்கிறானா?

அடம் இல்லை, அம்மா. ஒரே சொல் ஒவ்வொரு முறையும் வெவ்வேறு விதமாகப் பிழைபடுவது இந்நிலையின் முக்கிய அடையாளங்களுள் ஒன்று. ஓர் ஒலியிலிருந்து அடுத்த ஒலிக்கு நகர்கையில் ஏற்படும் இழுபறியும், பேச்சின் ஏற்ற இறக்கம் பொருந்தாமல் போவதும் மற்ற இரண்டு. அமெரிக்கப் பேச்சு மொழி செவிப்புலச் சங்கம் 2007இல் வெளியிட்ட அறிக்கை இம்மூன்றையும் குறிப்பிடுகிறது. தானாக வாயில் வந்த சொல், கேட்டுச் சொல்லச் சொன்னால் வராமல் போகலாம். ஆகவே விருந்தினர் முன் நிறுத்தி "சொல்லு, சொல்லு" என்று வற்புறுத்துவதை வீட்டில் அனைவரும் இன்றே கைவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மதுரையிலிருந்து ஒரு தந்தை: தினமும் ஒரு மணி நேரம் உட்கார வைத்துப் பயிற்சி தருகிறேன். மகள் அழுகிறாள். என்ன செய்வது?

ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் வேண்டாம்; ஐந்தைந்து நிமிடங்களாக, நாளில் நான்கைந்து முறை செய்யுங்கள். அசைவுப் பழக்கம் இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பச் செய்யும்போதுதான் நிலைக்கிறது. சிகிச்சையாளருடன் பேசி ஐந்தாறு சொற்களை மட்டும் தேர்ந்துகொள்ளுங்கள். படப் புத்தகத்தில் உள்ள யானையையும் விமானத்தையும் விட, சொன்னவுடன் பலன் கிடைக்கும் சொற்களே முதலில் தேவை. இதில் தமிழ் நமக்குப் பேருதவி செய்கிறது: வா, போ, தா ஆகியவை ஓரெழுத்திலேயே முழுக் கட்டளைகள், பிள்ளை அவற்றைச் சொன்னால் பெரியவர்கள் உடனே அசைந்து கொடுக்கிறார்கள். அடுத்து மாமா, பாப்பா, தாத்தா; அதன் பிறகு "அம்மா வா", "பூ தா".

அவள் உங்கள் வாயைப் பார்க்கும்படி நேருக்கு நேர் அமர்ந்து, உயிரொலியைச் சற்று நீட்டி, இருவரும் ஒரே நேரத்தில் மெதுவாகச் சொல்லுங்கள். அது எளிதானதும் உங்கள் குரலை நிறுத்தி உதட்டசைவை மட்டும் காட்டுங்கள். பிறகு நீங்கள் சொல்லி முடித்தபின் அவள் சொல்லட்டும். கடைசியாக, ஓரிரு நொடி காத்திருந்து சொல்லட்டும். தடுமாறினால் முந்தைய படிக்குத் திரும்பிவிடுங்கள். ஆனால் "பா... ப்பா" என்று சொல்லைத் துண்டாக்காதீர்கள். ஒலியிலிருந்து ஒலிக்கு நகர்வதுதான் அவளுக்குக் கடினம் என்பதால் அந்த நகர்வையே பழக்க வேண்டும். எல்லா முயற்சிக்கும் பொதுவாக "சூப்பர்" என்பதை விட, "உதட்டை நன்றாக மூடினாய்" என்று அவ்வப்போது சொல்வது அதிகம் உதவும். சொல் ஓரளவு கைவந்ததும் மேசையை விட்டு எழுந்துவிடுங்கள். ஊஞ்சலை ஆட்டும் முன் "போ", கதவைத் திறக்கும் முன் "வா" என அன்றாட வேலைகளுக்குள் அது கலந்துவிட வேண்டும்.

தஞ்சாவூரிலிருந்து ஒரு பாட்டி: பேரனுக்கு வசம்பு சுட்டு நாக்கில் தடவலாமா? ஊதல் ஊதினால் நாக்கு பலப்படும் என்கிறார்களே?

வசம்பு வேண்டாம், அம்மா. அப்ராக்ஸியாவில் நாக்கின் வலிமை குறைவதில்லை. அசைவைத் திட்டமிடுவதே சிக்கல் என்பதால் நாக்கில் எதைத் தடவியும் பயனில்லை. ஊதல் ஊதுவதும் நாக்கை நீட்டி மடக்குவதும் விளையாட்டாக இருக்கலாம், ஆனால் பேச்சைப் பேசித்தான் பழக முடியும். நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி வேறொன்று இருக்கிறது: சோறு ஊட்டும்போதும் கதை சொல்லும்போதும் ஒரே வரியைத் திரும்பச் சொல்லி, கடைசிச் சொல்லுக்கு முன் சற்று நிறுத்தி, அவன் முகம் பார்த்துக் காத்திருங்கள். சொல்லாவிட்டால் நீங்களே சொல்லி முடித்துக் கதையைத் தொடருங்கள்.

சென்னையிலிருந்து ஒரு தாய்: படங்களையும் சைகையையும் பழக்கினால் பேசவே முயல மாட்டாள் என்று உறவினர்கள் பயமுறுத்துகிறார்கள்.

இந்தப் பயத்தால் பிள்ளைகள் இழக்கும் காலத்தை எண்ணி நான் மிகவும் வருந்துகிறேன். வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2006இல் வெளியான கட்டுரை, இத்தகைய மாற்று வழிகளால் எவருக்கும் பேச்சு குறையவில்லை என்றும் பெரும்பாலோருக்குக் கூடியது என்றும் காட்டியது. பசியையும் வலியையும் தெரிவிக்க வழியில்லாத பிள்ளைதான் பொருளை வீசி எறிகிறாள். பதினைந்து படங்கள் ஒட்டிய ஓர் அட்டையிலிருந்து தொடங்கலாம்; படத்தைத் தொட்டால் அந்தச் சொல்லை ஒலிக்கும், சென்னையில் உருவான அவாஸ் செயலி தமிழிலும் கிடைக்கிறது. படத்தைத் தொடும்போதெல்லாம் நீங்களும் தொட்டு, அந்தச் சொல்லைச் சொல்லுங்கள்.

சிங்கப்பூரிலிருந்து ஒரு தந்தை: தமிழை நிறுத்திவிட்டு ஆங்கிலம் மட்டும் பேசலாமா?

தேவையில்லை. இரு மொழிகள் அப்ராக்ஸியாவை உண்டாக்குவதில்லை. வீட்டார் இயல்பாகப் பேசும் மொழியிலேயே பேசுங்கள்.

திருநெல்வேலியிலிருந்து ஒரு தாய்: மகளுக்கு இரண்டரை வயது. இது அப்ராக்ஸியாதானா என்று யாரிடம் காட்டுவது?

மூன்று வயதுக்கு முன் உறுதியாகச் சொல்வது கடினம். போதிய அளவு பேச்சொலிகள் இருந்தால்தான் பிழையின் போக்கைக் கணிக்க முடியும். ஆனால் அதற்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம். முதலில் காது கேட்கும் திறனைச் சோதியுங்கள். இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு பெற்ற பேச்சு மொழிச் சிகிச்சையாளரையே அணுகுங்கள். அரசின் மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு மையம், சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் உள்ள பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம், மைசூரில் 1965இல் தொடங்கிய அகில இந்தியப் பேச்சு மற்றும் கேட்டல் நிறுவனம் ஆகியவற்றிலும் பரிசோதனை செய்துகொள்ளலாம். போகும் முன், மகள் ஒரே சொல்லை வெவ்வேறு நாட்களில் சொல்வதைக் கைபேசியில் பதிவு செய்து எடுத்துச் செல்லுங்கள். புதிய அறையில் பிள்ளை வாய் திறக்காவிட்டால் சிகிச்சையாளருக்கு அந்தப் பதிவு மிகவும் பயன்படும்.