பல வருடம் புதர் மண்டிக் கிடந்த இடத்தைச் சுத்தம் செய்துவிட்டோம். உடனே காய்கறிச் செடி வைக்கலாமா?

வடசென்னை மணலியில் வீட்டுக்குப் பின்னால் ஒரு சென்ட் இடம், ஜேசிபி விட்டு சீமைக்கருவேலம், எருக்கு, கோரை எல்லாவற்றையும் வழித்தாயிற்று, அடுத்த வாரம் கத்தரி, தக்காளி நாற்று வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். இந்த ஆடியை மண்ணுக்கு விட்டுவிடுங்கள். தையில் நாற்று வையுங்கள்.

திருவொற்றியூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னாலும் இதே கதைதான். சுத்தம் செய்த சந்தோஷத்தில் அந்த வாரமே 20 கத்தரி நாற்று நட்டேன். நாலாவது நாள் கோரை ஊசி ஊசியாக எழும்பியது. தினமும் காலையில் களைக்கொத்தால் வெட்டுவேன், மறுபடி வரும். பக்கத்துத் தெரு ஆயா ஒருத்தர், சோழவரம் பக்கம் நடவுக்குப் போய்க்கொண்டிருந்தவர், ரெண்டு நாள் பார்த்துவிட்டு உள்ளே வந்தார். "இன்னா நைனா, மேலயே வெட்டிக்கினு கீற? கெயங்கு உள்ள கீது பாரு" என்று கடப்பாரையை வாங்கி ஒரு சாண் ஆழம் நோண்டிக் காட்டினார். கடலைக்கொட்டை அளவில் கறுப்பாக ஒரு கிழங்கு. அதிலிருந்து நூல் மாதிரி ஒன்று ஓடி இன்னொரு கிழங்கு, அதிலிருந்து இன்னொன்று. உடைத்தால் மருந்துக்கடை வாசனை. நான் மேலே வெட்ட வெட்ட, கீழே இருப்பவை ஒவ்வொன்றாக முளைத்துக்கொண்டே இருந்திருக்கின்றன.

உங்கள் இடத்திலும் ஜேசிபி கிழங்கைப் பிய்த்து எல்லா மூலைக்கும் பரப்பியிருக்கும். அதனால் முதல் வேலை, வெறும் நிலத்துக்கே நன்றாகத் தண்ணீர் விடுவது. பத்து நாளில் உள்ளே இருக்கிற விதையும் கிழங்கும் முளைத்துக் காட்டிக்கொடுத்துவிடும். மண் ஈரமாக இருக்கும்போது கடப்பாரையால் நெம்பி, கிழங்கோடு பொறுக்குங்கள். மறுபடி தண்ணீர், மறுபடி பொறுக்கல், குறைந்தது மூன்று முறை. பொறுக்கியதை உரக்குழியில் போடவே கூடாது, அங்கிருந்து திரும்ப வந்துவிடும். மொட்டை மாடியில் பரப்பிச் சுருங்கும்வரை காயவிடுங்கள். சீமைக்கருவேலத்தின் அடிக்கட்டை மண்ணுக்குள் நின்றால் அதுவும் துளிர்க்கும், தோண்டி எடுத்துவிடுங்கள். மற்ற இலைதழையை எரிக்காமல் மூலையில் குவித்து வையுங்கள், உரமாகிவிடும்.

நெம்பும்போதே செங்கல் துண்டு, சிமென்ட் கட்டி வருகிறதா என்று பாருங்கள். நம் பக்கம் காலி இடம் என்றாலே யாராவது இடித்த குப்பையைக் கொட்டியிருப்பார்கள். சிமென்ட்டும் சுண்ணாம்பும் மண்ணில் காரத்தை ஏற்றும், அப்புறம் நரம்பு மட்டும் பச்சையாக இருந்து இலை மஞ்சளடிக்கும். பொறுமையாகப் பொறுக்குவதைத் தவிர வழி இல்லை. தரை காய்ந்ததும் மேலே வெள்ளையாகப் பூக்கிறதா என்றும் கவனியுங்கள். பூத்தால் உப்பு. போர் தண்ணீரைக் குறைத்து, மழைத் தண்ணீரை அங்கே இறங்க விடுங்கள்.

ஆடிப் பட்டத்தில் தக்கைப்பூண்டு விதையுங்கள், மண்ணிலேயே மடக்கி உரமாக்கும் செடி அது. சென்ட்டுக்கு 200 கிராம் போதும். உப்பையும் காரத்தையும் தாங்கும், நெருக்கமாக வளர்ந்து நிழல் கட்டும். கோரைக்கு நிழல் ஆகாது. 45 நாளில் பூ எடுக்கும் சமயம் வெட்டி அங்கேயே மடக்கி, இரண்டு வாரம் மட்க விடுங்கள். மண்வெட்டி முழுசாக இறங்கும்போது எனக்கு வந்த சந்தோஷம் முதல் கத்தரிக்காய் பறித்தபோதுகூட வரவில்லை. பிறகு தொழு உரமும் கொஞ்சம் வேப்பம் பிண்ணாக்கும் கலந்து, ஐப்பசி மழைக்கு முன்பே மேட்டுப்பாத்தி போட்டு, காய்ந்த இலையால் மூடிவிடுங்கள். மழை முழுக்கப் பாத்தி அப்படியே ஊறட்டும்.

மணலி என்பதால் இன்னொன்றைக் கேட்டே ஆக வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்த தண்ணீர் எண்ணூர், மணலி பக்கம் வீடுகள்வரை வந்ததே, அது உங்கள் இடத்திலும் நின்றதா? அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள். சுவரில் கறுப்புக் கோடு இருக்கிறதா, மண்ணை ஈரமாக்கி முகர்ந்தால் மண்ணெண்ணெய் வாடை வருகிறதா பாருங்கள். சாதாரண மண் பரிசோதனையில் காரம், உப்பு, சத்துதான் பார்ப்பார்கள். எண்ணெய், ஈயம் பார்க்கத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். அந்த முடிவு வரும்வரை கீரையும் முள்ளங்கியும் அந்த மண்ணில் வேண்டவே வேண்டாம், அவைதான் மண்ணில் இருப்பதை அதிகம் இழுக்கும். வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அதுவரை அவர்களுக்கான கீரையை மாடியில் பையில், வெளியிலிருந்து வாங்கிய மண்ணில் போடுங்கள். கீழே செம்பருத்தி, நந்தியாவட்டை வைக்கலாம்.