ஜோகன்னஸ்பர்க் விட்ஸ் யுனிவர்சிட்டியில படிக்கிற என் பையன், பர்ப்ளெக்சிட்டிங்கிற ஏஐ சர்ச் கம்பெனி ஆரம்பிச்ச அரவிந்த் ஸ்ரீனிவாஸ் மாதிரி பிஎச்டி முடிச்சிட்டு ஏஐ கம்பெனி ஆரம்பிக்கணும்ங்கிறான். அமெரிக்காவுக்கு அனுப்பியே ஆகணுமா?

அனுப்பியே ஆகணும்னு இல்லைங்க. அதுக்காக, "பிஎச்டி எல்லாம் டைம் வேஸ்ட், நேரா கம்பெனி ஆரம்பி"ன்னு யூடியூப்ல சொல்றவங்க பேச்சையும் நம்பிடாதீங்க. நான் இங்க தென்னாப்பிரிக்காவுல, ஜோகன்னஸ்பர்க் பக்கத்துல மிட்ராண்ட்ல சாப்ட்வேர் டெஸ்டிங் பண்றவன், ஆராய்ச்சியாளன் எல்லாம் கிடையாது. ஆனா தைப்பூசத்துக்கு லெனேசியா கோயிலுக்குப் போனாலும் சரி, யார் வீட்டு ப்ராய்க்கு (கறி சுட்டுச் சாப்பிடற விருந்து) போனாலும் சரி, இப்ப நம்ம ஆளுங்க நாலு பேர் சேர்ந்தா இந்தப் பேச்சுதான். அரவிந்த் பேரைச் சொல்லி "நம்ம மெட்ராஸ் பையன் பாரு"ன்னு ஆரம்பிச்சா நிறுத்த மாட்டாங்க. அவர் எங்க ஆரம்பிச்சு எங்க வந்தார்னு முழுசா பார்த்தவங்க கம்மி, அதனால அதையே முதல்ல சொல்லிடறேன்.

அவர் ஐஐடி மெட்ராஸ்ல படிச்சது கம்ப்யூட்டர் சயின்ஸ் இல்ல, எலெக்ட்ரிக்கல். படிக்கும்போதே அங்க இருக்கற பேராசிரியர் ரவீந்திரன் குழுவோட சேர்ந்து ரீஇன்போர்ஸ்மென்ட் லேர்னிங்ல (செஞ்சு பார்த்து, சரியா செஞ்சா பரிசுன்னு கம்ப்யூட்டருக்குக் கத்துக்குடுக்கற முறை) வேலை பண்ணியிருக்கார், அதுல வந்த ஒரு பேப்பர் 2017-ல ஐசிஎல்ஆர்ங்கிற பெரிய ஏஐ மாநாட்டுல வந்தது, அதாவது அமெரிக்காவுல பெர்க்லி யுனிவர்சிட்டிக்குள்ள காலடி வைக்கிறதுக்கு முன்னாடியே அவர் பேர் ஒரு நல்ல பேப்பர்ல இருந்தது. இதைத்தான் எல்லாரும் விட்டுடறாங்க. அப்புறம் பெர்க்லியில பீட்டர் அபீல்கிட்ட பிஎச்டி. நடுவுல ஓபன்ஏஐ (சாட்ஜிபிடி செஞ்சவங்க), டீப்மைண்ட் (கூகுளோட ஏஐ ஆராய்ச்சிக் கம்பெனி), கூகுள் மூணு இடத்துலயும் இன்டர்ன்ஷிப். 2020-ல "கர்ல்"னு ஒரு முறை, ஸ்கிரீன்ல தெரியற படத்தை மட்டும் பார்த்தே ஒரு ப்ரோக்ராம் வேகமா கத்துக்கறதுக்கு, அதுல அவரும் ஒரு ஆத்தர். 2021-ல அதே துறையில வந்த "டிசிஷன் டிரான்ஸ்பார்மர்" பேப்பர்லயும் அவர் பேர் உண்டு. பிஎச்டி முடிச்சு ஓபன்ஏஐல கொஞ்ச காலம் வேலை, 2022 ஆகஸ்ட்ல டெனிஸ் யாரட்ஸ், ஜானி ஹோ, ஆண்டி கான்வின்ஸ்கி இவங்களோட சேர்ந்து பர்ப்ளெக்சிட்டி.

இன்னொரு விஷயம், முதல்ல அவங்க செஞ்சது இன்னிக்கு நாம பாக்கற சர்ச்சே இல்ல. சாதாரண இங்கிலீஷ்ல கேள்வி கேட்டா அதை டேட்டாபேஸ் க்வெரியா மாத்தித் தர்ற டூல்தான் செஞ்சாங்க, ட்விட்டர் டேட்டாவை வெச்சு அதுக்கு ஒரு டெமோ காட்டினாங்க. சும்மா ஏஐ மாடல்கிட்ட கேட்டா வாய்க்கு வந்ததை அடிச்சு விடுது, அதனால முதல்ல வெப்ல தேடி எடுத்து, எடுத்த பக்கங்களை மாடல்கிட்ட குடுத்து, ஒவ்வொரு வரிக்கும் பக்கத்துல எங்கேர்ந்து எடுத்ததுன்னு நம்பர் போடுங்கிற வழிக்கு வந்தது அதுக்கு அப்புறம்தான். 2022 டிசம்பர்ல, சாட்ஜிபிடி வந்து ஒரே வாரத்துல அதை வெளியிட்டாங்க. என்னைக் கேட்டா அவரோட பிஎச்டி அந்தப் ப்ராடக்ட்ல நேரடியா தெரியற ஒரே இடம் இதுதான். பேப்பர் எழுதறவனுக்கு ஆதாரம் காட்டாம ஒரு வரி எழுதக் கை வராது, அந்தப் பழக்கத்தை அப்படியே சர்ச்சுக்குள்ள கொண்டு வந்துட்டாங்க.

ஆனா கம்பெனிக்குப் பணம் எப்படி வந்ததுன்னு பாருங்க. 2023 மார்ச்ல 2.5 கோடி டாலருக்கு மேல திரட்டினாங்க, பெரிய ஃபண்டுங்களோட கூட தனிப்பட்ட முறையில பணம் போட்டவங்க லிஸ்ட்ல கூகுளோட தலைமை விஞ்ஞானி ஜெஃப் டீன், அப்ப மெட்டாவுல இருந்த ஏஐ விஞ்ஞானி யான் லெகுன், ஏன் அவரோட கைடு பீட்டர் அபீலே இருக்கார். இவங்கெல்லாம் ஆராய்ச்சி உலகத்து ஆளுங்க, அபீல் இவரோட வேலையைப் பக்கத்துல இருந்தே பார்த்தவர். பட்டத்துக்காக யாரும் செக் எழுதலைங்க.

எல்லாமே பாராட்டறதுக்கு இல்ல, அதையும் உங்க பையன்கிட்ட சொல்லுங்க. 2024 அக்டோபர்ல டவ் ஜோன்ஸும் (வால் ஸ்ட்ரீட் ஜர்னல் பத்திரிகை நடத்தறவங்க) நியூயார்க் போஸ்ட்டும் எங்க கட்டுரைகளை எடுத்துக்கிட்டீங்கன்னு கேஸ் போட்டாங்க. ஆதாரம் காட்டறதும் அனுமதி வாங்கறதும் ஒண்ணில்லைங்கிறது அங்கதான் இடிக்குது. 2025 ஆகஸ்ட்ல குரோம் பிரவுசரை 3,450 கோடி டாலருக்கு வாங்கறேன்னு கூகுளுக்கு ஆஃபர் வேற, அது இவங்க கம்பெனியோட மதிப்பைவிடவே அதிகம். எனக்கு அது விளம்பரமாத்தான் பட்டது.

சரி, இப்ப நம்ம ஊருக்கு வர்றேன், ஏன்னா உங்க பையன் படிக்கிற விட்ஸ்லயே இதுக்கு இன்னொரு வழி இருக்கு. 2017-ல டீப் லேர்னிங் இன்டாபா முதல் தடவை நடந்தது விட்ஸ்லதான். ஆப்பிரிக்கா பூரா இருந்து மெஷின் லேர்னிங் பசங்க வந்து கூடற இடம். ஆரம்பிச்சவங்கள்ல டீப்மைண்ட்ல இருக்கற ஷகிர் மொஹமத் ஒருத்தர், அவரே பழைய விட்ஸ் மாணவர். விட்ஸ் பேராசிரியர் பெஞ்சமின் ராஸ்மனும், பிரிட்டோரியா யுனிவர்சிட்டி வுகோசி மரிவாட்டேயும் அதுல இருந்தாங்க. இன்னொரு பக்கம் ஜேட் அபாட், இங்க ஒரு சாப்ட்வேர் கம்பெனியில மெஷின் லேர்னிங் இன்ஜினியரா வேலை பார்த்துக்கிட்டே லாரா மார்ட்டினஸோட சேர்ந்து 2019-ல மசாகானேன்னு ஒரு கூட்டமைப்பு ஆரம்பிச்சாங்க. ஆப்பிரிக்க மொழிகளுக்கு மொழிபெயர்ப்பு மாடல் செய்யறது, அவங்கவங்க மொழிக்கு அவங்கவங்களே டேட்டா சேர்த்து. அடுத்த வருஷம் வந்த அவங்க பேப்பர்ல 30 மொழிக்கு மேல ரிசல்ட் இருந்தது. இந்த ரெண்டு கூட்டமும் சேர்ந்த இடம்தான் லெலாபா ஏஐ, ஜோகன்னஸ்பர்க் கம்பெனி, பெலோனோமி மொய்லோவா சிஇஓ, ஜேட் அபாட் டெக்னாலஜி பக்கம், மரிவாட்டேயும் ராஸ்மனும் பவுண்டர்ஸ்ல ரெண்டு பேர். 2023-ல 25 லட்சம் டாலர் திரட்டினாங்க. அதுல பணம் போட்டவங்கள்ல யார் இருக்காங்க தெரியுமா, அதே ஜெஃப் டீன்.

தொகை பர்ப்ளெக்சிட்டிக்குப் பக்கத்துலகூட வராது, ஒத்துக்கறேன். ஆனா பிரச்சனை இங்கத்தது. நான் ஒரு கால் சென்டர் வாய்ஸ் ப்ராஜெக்ட் டெஸ்ட் பண்ணியிருக்கேன். கஸ்டமர் ஜூலு மொழியில ஆரம்பிச்சு, சோத்தோ மொழியில நாலு வார்த்தை போட்டு, பாலன்ஸ் எவ்வளவுன்னு இங்கிலீஷ்ல முடிப்பாங்க, நாம வீட்டுல தமிழையும் இங்கிலீஷையும் சாம்பார் சாதம் மாதிரி பிசைஞ்சு பேசறோமே அப்படியே. வெளிநாட்டு டூல் அந்த இடத்துல திருதிருன்னு முழிக்கும். லெலாபாவோட வுலாவுலாங்கிற டூல் இங்கத்து மொழிகளுக்குன்னே செஞ்சது, இந்தக் கலப்புப் பேச்சையும் மனசுல வெச்சு. 2024-ல இன்குபாஎல்எம்னு 40 கோடி பாராமீட்டர்ல (மாடலுக்குள்ள இருக்கற எண்கள், மாடலோட சைஸை இதை வெச்சுதான் சொல்வாங்க) ஒரு குட்டி மொழி மாடல் விட்டாங்க, ஜூலு, கோசா, சுவாஹிலி, யோருபா, ஹௌசா அஞ்சு மொழிக்கு. பெரிய மாடலுக்கு வேண்டிய கம்ப்யூட்டருக்கும் டேட்டாவுக்கும் இங்க வழி இல்ல, அதனால சின்னதா செஞ்சாங்க. எனக்கு இது அரவிந்த் கதையைவிடப் பிடிச்சிருக்கு, அதை மறைக்கல.

அதனால உங்க பையன்கிட்ட அமெரிக்காவான்னு கேக்காதீங்க, இப்ப எந்த புரொபசர் லேப்ல உக்காந்திருக்க, நீ எழுதின ப்ரோக்ராமை யார் பார்த்திருக்காங்கன்னு கேளுங்க. பதில் இல்லன்னா பெர்க்லி போனாலும் பெரிசா ஒண்ணும் நடக்காது. அட்மிஷன் கிடைக்கிறதே அப்ப கஷ்டம். ராஸ்மன் அதே கேம்பஸ்லதான் இருக்கார், அவரோட ரெய்ல்ங்கிற ஏஐ ஆராய்ச்சி லேப் இருக்கு, இன்டாபாவுக்கு அப்ளை பண்ணலாம், மசாகானேல சேர யாரும் மார்க் ஷீட் கேக்கறதில்ல.

காசு விஷயம் கடைசியா. அமெரிக்காவுல நல்ல யுனிவர்சிட்டியில கம்ப்யூட்டர் சயின்ஸ் பிஎச்டிக்கு பெரும்பாலும் ஃபீஸ் கிடையாது, மாசம் ஸ்டைபெண்டும் வரும், ராண்டை டாலரா மாத்தி வீட்டை வித்துப் படிக்க வைக்கிறது மாஸ்டர்ஸுக்குத்தான். அதைக் குழப்பிக்காதீங்க. ஆனா இங்க மூணு வருஷ பிஎஸ்சியோட நின்னா அங்க பல இடத்துல எடுத்துக்க மாட்டாங்க, அதுக்கு மேல ஒரு வருஷம் ஹானர்ஸ் பண்ணிடணும். அதுக்கு என்ஆர்எஃப் (இங்கத்து அரசு ஆராய்ச்சி நிதி அமைப்பு) குடுக்கற உதவித்தொகை பெரும்பாலும் சிட்டிசனுக்கும் பிஆர் (நிரந்தரமா தங்க அனுமதி) உள்ளவங்களுக்கும்தான், நீங்க வொர்க் விசாவுல இருந்தா அதை நம்பாம கணக்குப் போடுங்க. அங்கத்து அப்ளிகேஷன் எல்லாம் பெரும்பாலும் டிசம்பர்லதான் முடியும், இங்க டிசம்பர்ல ஊரே பூட்டிக்கிட்டு டர்பன் பீச்சுக்குப் போயிடும், அதனால ரெஃபரன்ஸ் லெட்டரை பரீட்சைக்கு முன்னாடியே, அக்டோபருக்குள்ள கேட்டு வாங்கி வெக்கச் சொல்லுங்க. இங்க நவம்பர்ல படிப்பு முடிஞ்சா அங்க சேர்றது ஆகஸ்ட்லதான், நடுவுல இருக்கற மாசத்துல இந்த மாதிரி கம்பெனி ஏதாவது ஒண்ணுல இன்டர்னா போகப் பாக்கட்டும்.