ஆல்ரவுண்டர் என்றால் அரைகுறையா?

கேள்வி: பேட்டிங்கும் முழுசாக வராது, பவுலிங்கும் முழுசாக வராது. இப்படிப்பட்டவர்களை ஆல்ரவுண்டர் என்று அணியில் சேர்ப்பதைவிட ஆறு நல்ல பேட்ஸ்மேன், நான்கு நல்ல பவுலர், ஒரு கீப்பர் என்று எடுத்தால் போதாதா?
– திண்டுக்கல் வாசகர்

பதில்: பேப்பரில் நன்றாகத்தான் இருக்கிறது, கணக்குதான் இடிக்கிறது. 1983 உலகக் கோப்பையில் ஒரு இன்னிங்ஸ் 60 ஓவர், ஒருவர் அதிகபட்சம் 12 ஓவர்தான் போடலாம். உங்கள் நான்கு பவுலர்களும் போட்டு முடித்த பிறகு மிச்சமிருக்கும் 12 ஓவரை யார் போடுவது? லண்டன் லார்ட்ஸ் மைதானத்தில் நடந்த அதன் இறுதிப்போட்டியில் நமக்குப் பந்து வீசிய ஆறு பேரில் பந்துவீச்சுக்காக மட்டுமே எடுக்கப்பட்டவர் பல்விந்தர் சந்து ஒருவர்தான்; கபில், மதன்லால், பின்னி, மொகிந்தர், கீர்த்தி ஆசாத் எல்லோரும் இரண்டு வேலையும் பார்த்தவர்கள். நீங்கள் அரைகுறை என்று சொல்லக்கூடிய பின்னிதான் அந்தத் தொடரிலேயே அதிக விக்கெட் (18) எடுத்தவர், அடுத்த இடத்தில் இருந்தவர்களில் ஒருவர் மதன்லால் (17). நாம் அடித்ததோ வெறும் 183, அதை வைத்து வெஸ்ட் இண்டீஸை 140-இல் சுருட்டியபோது மொகிந்தர் 12 ரன் கொடுத்து 3 விக்கெட் எடுத்தார். அவர் பந்தின் வேகத்தைப் பார்த்தால் யாருக்கும் பயம் வராது என்பது வேறு விஷயம்!

அதற்காக பதினொரு பேரும் ஆல்ரவுண்டராக இருந்தால் சரியா என்றால், இல்லை. கீப்பிங்கை யாரும் 'கொஞ்சம் கொஞ்சம்' தெரிந்து வைத்துக்கொண்டு சமாளிக்க முடியாது, அதற்கு அந்த அணியின் கீப்பர் கிர்மானி மாதிரி ஆள்தான் வேண்டும். அதே தொடரில் ஜிம்பாப்வேக்கு எதிராக நமக்கு 17 ரன்னுக்கு 5 விக்கெட் போன அந்தப் போட்டியில் கபிலின் 175 எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது, எதிர்முனையில் 24 ரன்னோடு நின்று ஒன்பதாவது விக்கெட்டுக்கு 126 சேர்க்கத் துணையாக இருந்த கிர்மானியை மறந்துவிடுகிறோம். தன் வேலையில் கெட்டிக்காரர், அடுத்தவர் வேலையிலும் அவசரத்துக்குக் கைகொடுத்தார். நான் அணி தேர்வு செய்தால் இப்படிப்பட்ட ஆளைத்தான் முதலில் எடுப்பேன்.

கேள்வி: அப்படியானால் ஐபிஎல்லில் 'இம்பாக்ட் பிளேயர்' விதி நல்லதா, கெட்டதா?
– தாம்பரம் வாசகர்

பதில்: ஆட்டத்தின் நடுவே ஒரு பேட்ஸ்மேனை எடுத்துவிட்டுப் பவுலரைக் கொண்டுவரலாம் என்று 2023-இல் விதி வந்ததும், இரண்டும் தெரிந்த ஆளுக்குத் தேவை குறைந்துவிட்டது. ரசிகர்களுக்கு சிக்ஸர் கூடுதல், சரி. ஆனால் சென்னைக்காக ஷிவம் துபே அடித்து ஆடுவதைப் பார்த்தீர்கள், பந்து வீசி எத்தனை முறை பார்த்தீர்கள்? ரோஹித் சர்மாவே 2024-இல் துபே, வாஷிங்டன் சுந்தர் பெயர்களைச் சொல்லி இதைக் குறைபட்டுக்கொண்டார். இந்தியாவுக்கு ஆடும்போது இந்த மாற்று ஆள் வசதி கிடையாது. அங்கே ஆறாவது பவுலர் வேண்டும் என்றால், அவருக்கு உள்ளூரில் ஓவர் கொடுத்துப் பழக்கியிருக்க வேண்டாமா?