கேள்வி – பதில்: சுமையில் யார், தூரத்தில் யார்?

கேள்வி: ரோட்டர்களை, அதாவது மேலே சுழலும் பெரிய விசிறிகளை, முன்னால் சாய்த்து விமானம்போல் பறக்கும் டில்ட்ரோட்டர், ஹெலிகாப்டரைவிட வேகமாகவும் நெடுந்தொலைவும் செல்கிறது. அப்படியானால் சுமையையும் அதுவே கூடுதலாகத் தூக்குமா?

பதில்: தூக்காது. ஏறத்தாழ ஒரே எடைப் பிரிவைச் சேர்ந்த இரண்டை எடுத்துக்கொள்வோம். செங்குத்தாக மேலெழும்போது வி-22 ஆஸ்ப்ரே டில்ட்ரோட்டரின் உச்ச எடை சுமார் 23,860 கிலோ. சிஎச்-47எஃப் சினூக் ஹெலிகாப்டருக்கு அது சுமார் 22,680 கிலோ. ஆனால் ஒன்றும் ஏற்றாத நிலையிலேயே ஆஸ்ப்ரே சுமார் 15,000 கிலோ இருக்கிறது. சினூக்கோ சுமார் 11,000 கிலோதான். எரிபொருள், ஆட்கள், சரக்கு எல்லாவற்றுக்குமாக ஆஸ்ப்ரேயில் மிஞ்சுவது 9,000 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. சினூக்கில் 11,000 கிலோவுக்கும் அதிகம். இறக்கை, எஞ்சின் கூடுகளைத் திருப்பும் பொறியமைப்பு, கப்பலில் நிறுத்துவதற்காக இறக்கையையும் ரோட்டர்களையும் மடக்கும் ஏற்பாடு ஆகியவற்றின் எடையை ஆஸ்ப்ரே எப்போதும் சுமந்தே திரிகிறது.

இதைவிட முக்கியமான காரணம் ரோட்டரின் அளவு. ஆஸ்ப்ரேயின் ரோட்டர்கள் ஒவ்வொன்றும் 11.6 மீட்டர் விட்டம் கொண்டவை. சினூக்கின் ரோட்டர்கள் 18.3 மீட்டர். அகன்ற ரோட்டர் நிறையக் காற்றை மெதுவாகக் கீழே தள்ளி எடையைத் தாங்கும். குறுகிய ரோட்டரோ கொஞ்சக் காற்றை மிக வேகமாகத் தள்ளியாக வேண்டும், அதற்குச் சக்தி அதிகம் செலவாகும். ஆஸ்ப்ரேயின் இரு எஞ்சின்களும் சேர்ந்து 12,000 குதிரைத்திறனுக்கு மேல் தந்தும், அதைவிடக் குறைந்த திறனுள்ள சினூக்குக்கு இணையாக அதனால் தூக்க முடியாததன் சூட்சுமம் இதுதான். போதாக்குறைக்கு, அந்தக் காற்று நேராகத் தன் இறக்கையின் மீதே விழுவதால், ரோட்டர் தரும் தூக்குவிசையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு வீணாகிறது.

கேள்வி: பிறகு எதற்காக அதை விரும்புகிறார்கள்?

பதில்: தூரத்துக்காக. முன்னோக்கிப் பறக்கும்போது ஹெலிகாப்டர் ரோட்டரின் ஒரு பக்க அலகுகள் (விசிறியின் இறகுகள்) எதிர்க்காற்றில் பாய்கின்றன. மறுபக்க அலகுகள் காற்றோடு பின்வாங்குகின்றன. வேகம் கூடக்கூட, பின்வாங்கும் பக்கம் தூக்குவிசையை இழக்கத் தொடங்குவதால், சினூக் மணிக்கு சுமார் 300 கிலோமீட்டர் வேகத்தோடு நின்றுவிடுகிறது. ரோட்டர்களை முன்னால் சாய்த்து, எடையை இறக்கையிடம் ஒப்படைத்துவிடும் டில்ட்ரோட்டருக்கு இந்தத் தடை இல்லை. ஆஸ்ப்ரே மணிக்கு சுமார் 500 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. 24 வீரர்களோடு சென்று திரும்பும் அதன் செயல்வீச்சு 790 கிலோமீட்டர் அளவில் சொல்லப்படுகிறது. சினூக்குக்கு அது 370 கிலோமீட்டர் அளவே.

ஆகவே ஐம்பது கிலோமீட்டருக்குள் கனமான சரக்கைத் திரும்பத் திரும்பக் கொண்டுசேர்க்க வேண்டுமானால் நான் தயங்காமல் ஹெலிகாப்டரையே சொல்வேன். ஐந்நூறு கிலோமீட்டர் தள்ளி ஆட்களை விரைந்து இறக்கவோ மீட்கவோ வேண்டுமானால் கதையே வேறு: அங்கே சினூக் போகும் வழியிலோ திரும்பும் வழியிலோ எரிபொருள் தேட வேண்டியிருக்கும். எஞ்சின் திறன் குறையும் உயரமான, வெப்பமான இடங்களில் டில்ட்ரோட்டரின் சுமை ஹெலிகாப்டரைவிட விரைவாகச் சரியும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். சரக்கை அடியில் தொங்கவிட்டால், அது காற்றில் ஆடாதிருக்க வேகத்தைக் குறைத்தாக வேண்டும் என்பதால், டில்ட்ரோட்டரின் முதன்மைச் சாதகம் அப்போதே கைநழுவிவிடும்.

கேள்வி: ஓடுபாதை இருந்தால் டில்ட்ரோட்டர் கூடுதலாக ஏற்றலாமா?

பதில்: ஏற்றலாம். ரோட்டர்களைப் பாதி சாய்த்துச் சிறிது தூரம் ஓடி எழுந்தால் ஆஸ்ப்ரேயின் உச்ச எடை சுமார் 25,850 கிலோவாக உயர்கிறது. முழுக்க விமானம்போல் கிடையாகச் சாய்த்து ஓடவோ தரையிறங்கவோ முடியாது. ரோட்டர் அலகுகள் தரையில் மோதிவிடும்.